பெயரை மட்டும் சொல்

வாசிக்கும் முன் சிந்திக்க

மாணவர்களே, உங்கள் வீட்டில் காது சற்று மந்தமான பெரியவர் யாரேனும் இருக்கிறார்களா? அவர் “என்ன சொன்னே?” என்று கேட்கும்போது நீங்கள் என்ன விடை கூறுவீர்கள்? இவ்வினாவை மனத்தில் இருத்திக்கொண்டு, படிவம் நான்கு மாணவி ஒருத்தி கூறும் பின்வரும் அனுபவத்தை வாசியுங்கள்.

1. தகர டப்பாவும் ஒலிநாடாவும்

சுங்கை ஆயர் தாவார் என்றால் ‘நன்னீர் ஆறு’ என்று பொருள். சபாக் பெர்ணம் மாவட்டத்தில், கடற்கரையை ஒட்டிச் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் எங்கள் ஊர் இருக்கிறது. ஒரு பக்கம் தென்னை, மறுபக்கம் செம்பனை. மாலை ஏழு மணிக்கெல்லாம் சாலையில் சந்தடி குறைந்துவிடும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கேட்கும் ஒரே பேரொலி தாத்தாவின் தொலைக்காட்சிதான். எதிர்வீட்டுக்காரர் தம் வீட்டிலிருந்தபடியே எங்கள் வீட்டுச் செய்தியைக் கேட்டுக்கொள்வார்.

தாத்தா முப்பது ஆண்டுகளுக்கு மேல் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்தவர். கொதிகலன், பழக்குலைகளை நீராவியில் வேகவைக்கும் பெரிய உருளைகள், எண்ணெய் பிழியும் இயந்திரம் ஆகியவற்றுக்கு நடுவே அவருடைய இளமை கழிந்தது. வேலை ஓய்வு பெற்றபோது அவருக்கு ஒரு கைக்கடிகாரம் பரிசாகக் கிடைத்தது. காது மந்தமும் உடன் வந்தது. அதை மட்டும் அவர் நெடுங்காலம் ஒப்புக்கொள்ளவில்லை.

“என் காதுக்கு ஒன்னும் இல்ல. இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் வாயைத் திறந்து பேசமாட்டேன் என்கிறீர்கள்” என்பார்.

மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரியும் என் அத்தை அவரை வற்புறுத்திக் காதுப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றார். செவித்துணைக் கருவியும் கிடைத்தது. தாத்தா அதை ஒரு பழைய ரொட்டித் தகர டப்பாவில் வைத்து மூடிவிட்டார். அந்த டப்பாவில் ஏற்கெனவே வேறொரு பொருள் இருந்தது. அது ஓர் ஒலிநாடா. உறை மங்கிவிட்டது. அதிலிருந்த படத்தில் வட்டமாக, புதர்போல் அடர்ந்த சுருட்டை முடியுடன் இருந்தவர்களை மட்டும் அடையாளம் காண முடிந்தது.

“யார் தாத்தா இவர்கள்?” என்று சிறு வயதில் கேட்டிருக்கிறேன்.

“அலிகேட்ஸ்!” என்று அவர் சொன்ன தொனியில், ‘இதுகூடத் தெரியாதா?’ என்ற கேள்வியும் இருந்தது.

2. பினாங்கிலிருந்து வந்த குரல்கள்

அலிகேட்ஸ் குழுவைப் பற்றித் தாத்தாவிடம் கேட்டால் போதும். மற்ற நேரங்களில் பேசாதவர் மடை திறந்த வெள்ளம்போல் பேசுவார்.

உலகெங்கும் இளைஞர்கள் பீட்டல்ஸ் குழுவின் பாடல்களில் மயங்கிக் கிடந்த காலம் அது. நம் நாட்டிலும் ஊருக்கு ஊர் கித்தார் இசைக்குழுக்கள் முளைத்தன. அந்த அலையில் 1960-களின் இறுதியில் பினாங்கில் தோன்றியதுதான் இக்குழு. லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்னும் உடன்பிறந்தோர் இருவரும் அதன் முதன்மைக் குரல்களாக விளங்கினர். லோகநாதனை எல்லாரும் ‘லோகா’ என்றே அழைத்தனர். 1970-களில் அவர்கள் ஹாங்காங்கிற்குச் சென்று, அங்குள்ள விடுதிகளில் இரவுதோறும் ஆங்கிலப் பாடல்களைப் பாடித் தங்கள் திறமையைத் தீட்டிக்கொண்டனர். பின்னர் மலாய்மொழியில் பாடத் தொடங்கினர். ‘ஹிங்கா ஆகிர் நந்தி’, ‘செகுந்தும் மாவார் மேரா’, ‘செஞும்லா கோலாலம்பூர்’ எனத் தொடர்ந்து வந்த பாடல்களால் நாடு முழுவதும் அவர்களை அறிந்தது.

“ஆறுமுகம் வீட்டுப் பிள்ளைகள் மலாய்ப் பாட்டுப் பாடி நாட்டையே பாட வைத்தார்கள். வேலைக்குப் போகும் வழியில் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் அவர்கள் பாட்டுத்தான். மலாய்க்காரர் கடை, சீனர் கடை என்று வித்தியாசம் இல்லை” என்பார் தாத்தா.

ஒரு முறை நான் அவரை மடக்க நினைத்து, “அவர்கள் தமிழில் பாடவில்லையே, தாத்தா. யோகி பி குழுவினர் 2006-இல் ‘வல்லவன்’ என்று தமிழிலேயே ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார்கள். அதுதானே நமக்குப் பெருமை?” என்றேன்.

தாத்தா சற்று யோசித்தார். “தாய்மொழியில் பாடுகிறவனும் நம் பிள்ளைதான். பக்கத்து வீட்டு மொழியில் பாடி அவனை அழவைக்கிறவனும் நம் பிள்ளைதான். நீ ஏன் ஒருவனைப் பிடித்து இன்னொருவனைத் தள்ளுகிறாய்?” என்றார். எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை.

3. கேட்காத இசைவிழா

அந்த ஒலிநாடா தாத்தாவுக்கு மட்டும் சொந்தமானதன்று; அவரும் அவருடைய தம்பியும் பாதிப் பாதிப் பணம் போட்டு வாங்கியது. தம்பியை நாங்கள் சின்னத் தாத்தா என்போம். தோட்டத்து லயத்தில் ஒரே அறையில் படுத்து, ஒரே வானொலிப் பெட்டியில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் இருவரும். ஞாயிற்றுக்கிழமைகளில் முடிவெட்டிக்கொள்ள மறுத்து, லோகாவைப்போல் தலைமுடி வளர்த்ததற்காகப் பாட்டன் கையில் அடியும் வாங்கியவர்கள்.

1980-களின் தொடக்கத்தில் ஒரு நாள், பக்கத்துப் பட்டணத்தில் அலிகேட்ஸ் குழுவினர் பாட வருகிறார்கள் என்று செய்தி வந்தது. இருவரும் காசு சேர்த்து நுழைவுச்சீட்டு வாங்கினார்கள். ஆனால், அன்று ஆலையில் தாத்தாவுக்கு இரவு வேலை விழுந்துவிட்டது. வேலையை மாற்றிக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை.

“நீ போ. வந்து எனக்குச் சொல்” என்று தம்பியை அனுப்பிவிட்டுத் தாத்தா கொதிகலன் அருகே போய் நின்றார்.

இசை நிகழ்ச்சி முடிந்தபோது கடைசிப் பேருந்து போய்விட்டிருந்தது. தேங்காய் ஏற்றிக்கொண்டு வந்த லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு, விடியற்காலையில் சின்னத் தாத்தா லயத்திற்கு வந்து சேர்ந்தார். அப்போதுதான் வேலை முடிந்து வந்த தாத்தா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். தூங்காத இருவரும் அந்தப் படியிலேயே அமர்ந்தார்கள். எந்தப் பாட்டு முதலில் வந்தது, எதை இரண்டு முறை பாடினார்கள், யார் என்ன சட்டை அணிந்திருந்தார்கள், மேளக்காரர் எங்கே ஓங்கி அடித்தார் என ஒன்று விடாமல் சின்னத் தாத்தா சொன்னார். சில இடங்களில் எழுந்து நின்று பாடியும் காட்டினார்.

“அந்த நிகழ்ச்சியை நான் பார்க்கவில்லை. ஆனால், என் தம்பி வாயால் முழுதாகக் கேட்டேன்” என்று தாத்தா அடிக்கடி சொல்வார்.

லோகா 2007-ஆம் ஆண்டு நுரையீரல் புற்றுநோயால் காலமானார். அன்று இருவரும் தொலைபேசியில் நெடுநேரம் பேசாமலேயே இருந்தார்களாம். டேவிட் குழுவைத் தொடர்ந்து நடத்தினார். “ஒரு தரம் இருவரும் சேர்ந்து போய்ப் பார்த்துவிட வேண்டும்” என்று சின்னத் தாத்தா சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கும் காலம் கைகொடுக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அவரும் எங்களை விட்டுப் பிரிந்தார்.

4. “ஒன்றுமில்லை, தாத்தா”

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையின்போது அத்தை மூன்று நுழைவுச்சீட்டுகளோடு வந்து நின்றார். கோலாலம்பூரில் ஓர் அரங்கில் அலிகேட்ஸ் பாடப் போகிறார்கள் என்றார். தாத்தாவின் முகம் மலர்ந்தது. மறு நொடியே வாடியது.

“எனக்கு எதற்கு? காசுக்குப் பிடித்த கேடு. நீங்கள் இருவரும் போய் வாருங்கள்” என்றார்.

அன்று இரவு அத்தை என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “தாத்தா ஏன் வர மறுக்கிறார் தெரியுமா?”

“வயதாகிவிட்டது. களைப்பாக இருக்கும்.”

“இல்லை. போய் உட்கார்ந்து, பாட்டுக் கேட்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறார்.”

எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அன்று பகல் நடந்தது நினைவுக்கு வந்தது. தாத்தா பசியாறிக்கொண்டிருந்தபோது நான் என் தோழியைப் பற்றி வேடிக்கையான ஒன்றைச் சொன்னேன். அம்மா சிரித்தார். தாத்தா, “என்ன சொன்னே?” என்றார். நான் திரும்பச் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. மீண்டும், “என்ன?” என்றார். “ஒன்றுமில்லை, தாத்தா” என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்துக்கொண்டேன். அவர் தலையைக் குனிந்து தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை நான் அப்படிச் சொல்கிறேன்? எண்ணிப் பார்க்க அஞ்சினேன். ஒரு வேடிக்கைப் பேச்சு முழு வீட்டுக்கும் சொந்தம். “ஒன்றுமில்லை” என்னும் சொல்லால் அதில் ஒருவரின் பங்கை மட்டும் பிடுங்கிக்கொள்கிறோம்.

அத்தை தாளில் ஒரு படம் வரைந்து காட்டினார். நம் உட்செவியில் நத்தை ஓடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதனுள் நுண்ணிய மயிர் உயிரணுக்கள் ஒவ்வொரு காதிலும் ஏறக்குறைய 15,000 உள்ளன. ஒலியலை வரும்போது அவை அசைந்து, அதை நரம்புக்கு அனுப்பும் செய்தியாக மாற்றுகின்றன. பேரிரைச்சலில் அவை சேதமடைந்து மடிந்தால், மீண்டும் முளைப்பதில்லை. மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்கவல்லது. இரைச்சல் முதலில் தாக்குவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறனைத்தான்.

“அதனால்தான் நாம் பேசுவது தாத்தாவின் காதில் விழுகிறது, ஆனால், விளங்குவதில்லை. உயிரொலிகள் தாழ்ந்தவை, அவை கேட்கும். ‘ஸ்’, ‘ச்’, ‘த்’, ‘க்’ போன்ற மெல்லிய, கூர்மையான ஒலிகள் நழுவிவிடும். ஓட்டை விழுந்த துணியைப் போன்றது அவருக்கு நம் பேச்சு. கத்திப் பேசினால் பயனில்லை. முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசினால் ஓட்டையை அவரே தைத்துக்கொள்வார்” என்றார் அத்தை.

மறுநாள் காலையில் தாத்தாவின் எதிரே போய் உட்கார்ந்தேன். அவர் முகத்தைப் பார்த்து, மெதுவாகச் சொன்னேன்.

“தாத்தா, நீங்கள் வராவிட்டால் நானும் போகமாட்டேன். பாட்டு விளங்காவிட்டால் நான் சொல்கிறேன். சின்னத் தாத்தா சொன்னதுபோல.”

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய், அலமாரியிலிருந்து தம் வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார்.

5. தலைநகரில் ஓர் இரவு

மாலை மூன்று மணிக்கு அத்தையின் மகிழுந்தில் புறப்பட்டோம். சுங்கை பெசாரைக் கடந்து, செகிஞ்சான் நெல்வயல்களின் ஓரமாகச் சென்று, தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர், ஈஜோக் வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்தோம். வழியெல்லாம் தாத்தா முன்னிருக்கையில் மணமகனைப்போல் விறைப்பாக அமர்ந்திருந்தார். தகர டப்பாவையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

அரங்கின் முகப்பில் கூட்டம் நெரிந்தது. மலாய்க்காரர்கள், சீனர்கள், இந்தியர்கள் என எல்லாரும் இருந்தனர். பெரும்பாலோர் தாத்தாவின் வயதையொட்டியவர்கள். பலர் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அழைத்து வந்திருந்தனர்.

அத்தை சொன்னதற்கு இணங்கி, தாத்தா செவித்துணைக் கருவியைக் காதில் பொருத்தினார். அடுத்த கணமே முகத்தைச் சுளித்து அதைக் கழற்றினார்.

“நூறு பாத்திரம் ஒரே நேரத்தில் கீழே விழுகிறது!” என்றார்.

“இவ்வளவு கூட்டத்தில் முதல் நாளே போட்டால் அப்படித்தான் இருக்கும், அப்பா. வீட்டில், அமைதியான இடத்தில் பழக வேண்டும். இப்போது இதைப் போட்டுக்கொள்ளுங்கள்” என்று கூறி, அத்தை எங்கள் இருவர் கையிலும் மென்மையான காதடைப்பான்களைக் கொடுத்தார்.

எனக்கு வியப்பாக இருந்தது. “பாட்டுக் கேட்க வந்த இடத்தில் காதை அடைப்பதா?”

அத்தை விளக்கினார். ஒலியின் அளவை டெசிபல் என்னும் அலகால் கூறுவர். 85 டெசிபல் ஒலியில் ஒருவர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்திற்கு மேல் இருத்தல் ஆகாது. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இருமடங்காகிறது. எனவே, பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது. 88 டெசிபல் என்றால் நான்கு மணி நேரம். 91 என்றால் இரண்டு. 94 என்றால் ஒன்று. 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம்தான். ராக் இசையரங்குகளில் ஒலி இந்த அளவை எளிதில் தாண்டிவிடும். காதடைப்பான் பாட்டைத் தடுப்பதில்லை. அதன் வேகத்தை மட்டும் குறைக்கிறது.

தாத்தா தம் உள்ளங்கையில் இருந்த காதடைப்பானைப் பார்த்தபடி நின்றார்.

“1989-இல் இரைச்சலுக்கென்று விதிமுறைகள் வந்த பிறகு எங்களுக்கும் இதைக் கொடுத்தார்கள். வியர்வையில் நழுவும், யாராவது கூப்பிட்டால் கேட்காது. சட்டைப்பையிலேயே வைத்திருந்தோம். போடாதவனுக்குத்தான் மதிப்பு, போட்டவனைக் கேலி செய்வோம்” என்றார். பிறகு ஒவ்வொன்றாக உருட்டி, பொறுமையாகக் காதில் பொருத்திக்கொண்டார்.

விளக்குகள் அணைந்தன. மேளம் முழங்கியது. வண்ண ஒளியில் இசைக்கலைஞர்கள் தோன்றினர். அவர்களுக்கு நடுவே டேவிட் ஆறுமுகம் நின்றார். அரங்கம் ஆர்ப்பரித்தது. தாத்தா இருக்கையின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார்.

முதல் பாடல் தொடங்கியது. நான் தாத்தாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் மகிழ்ச்சியைவிடத் தேடல்தான் மிகுந்திருந்தது. திருவிழாக் கூட்டத்தில் கைவிட்ட பிள்ளையைத் தேடும் முகம். இதழசைவைப் பார்க்க முயன்றார். மேடை தொலைவில் இருந்தது. என் பக்கம் திரும்பினார். கேட்கத் தயங்கினார். எத்தனையோ முறை “ஒன்றுமில்லை” என்று சொன்ன பேத்தியிடம் எப்படிக் கேட்பார்?

நான் அவருக்கு நேராகத் திரும்பி, பாடலின் பெயரைத் தெளிவாகச் சொன்னேன். அவர் கண்கள் அகன்றன. மேடையைப் பார்த்தார். சில நொடிகளில் அவருடைய விரல்கள் கைப்பிடியில் தாளம் போட்டன. பிறகு உதடுகள் அசைந்தன. சரியான இடத்தில், சரியான சொல்லோடு!

“வரிகளையும் சொல்லட்டுமா, தாத்தா?”

“வேண்டாம், அம்மாடி. பெயரை மட்டும் சொல். மீதியை நான் கேட்டுக்கொள்வேன்.”

எப்படி இது முடிந்தது? பேஸ் கித்தாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. பெருமேளத்தின் அதிர்வும் தாழ்ந்ததே. இத்தகைய அதிர்வுகளைக் காது மட்டுமன்று, தோலும் எலும்பும் உணர்கின்றன. இருக்கை வழியாகவும் தரை வழியாகவும் தாளம் தாத்தாவின் உடலுக்குள் புகுந்தது. மெட்டும் சொற்களும் நாற்பது ஆண்டுகளாக அவருடைய நினைவில் இருந்தன. கீழிருந்து வந்த தாளமும் உள்ளிருந்து வந்த மெட்டும் ஓரிடத்தில் கூடியபோது பாடல் முழுமையாயிற்று. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாளக் கலைஞர் எவலின் கிளென்னி, சிறு வயதிலேயே செவித்திறனைப் பெரிதும் இழந்தும், வெறுங்காலுடன் மேடையில் நின்று அதிர்வை உணர்ந்து வாசித்து உலகப் புகழ் பெற்றதை எங்கள் ஆசிரியர் ஒருமுறை கூறியிருந்தார். அன்று அதன் பொருளை என் பக்கத்து இருக்கையில் கண்டேன்.

அதன்பின் ஒவ்வொரு பாடலுக்கும் பெயர் சொன்னேன். தெரியாத பெயரை அத்தையிடம் கேட்டுச் சொன்னேன். ஒரு பாட்டின் பெயர் எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. பின்வரிசையில் அமர்ந்திருந்த மலாய்ப் பாட்டி ஒருவர் நான் திணறுவதைக் கவனித்து, முன்னால் குனிந்து பெயரைக் கூறினார். நான் அதைத் தாத்தாவிடம் சேர்த்தேன். அவர் திரும்பி அந்தப் பாட்டிக்கு வலக்கையை நெஞ்சில் வைத்து நன்றி தெரிவித்தார்.

‘அண்டைஞா அக்கு பெர்கி டுலு’ என்ற பாடலின் பெயரைச் சொன்னபோது மட்டும் தாத்தாவின் விரல்கள் நின்றுவிட்டன. ‘நான் முன்னே போய்விட்டால்’ என்பது அதன் பொருள். அவர் தாளம் போடவில்லை, பாடவுமில்லை. தகர டப்பாவை மடியில் வைத்து, அதன்மேல் இரு கைகளையும் ஊன்றியபடி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே உடன்பிறந்தவர் இல்லாமல் ஒருவர். இங்கேயும் உடன்பிறந்தவர் இல்லாமல் ஒருவர். நான் எதுவும் கேட்கவில்லை. என் கையை அவர் கையின்மேல் வைத்தேன்.

6. வாசற்படி

திரும்பும் வழியில் நள்ளிரவு கடந்துவிட்டது. கோல சிலாங்கூர் பாலத்தைத் தாண்டியதும் சாலை ஓரமாக ஒரு கடையில் நிறுத்தி, தே தாரேக் குடித்தோம். கடை அமைதியாக இருந்தது. தாத்தா காதடைப்பான்களை எப்போதோ கழற்றிவிட்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து, “இப்போது சொல்” என்றார்.

“என்ன தாத்தா?”

“எல்லாவற்றையும். முதலிலிருந்து.”

நான் சொல்லத் தொடங்கினேன். எந்தப் பாட்டு முதலில் வந்தது. எப்போது கூட்டம் எழுந்து நின்றது. முன்வரிசையில் ஒரு தம்பதியர் எப்படி ஆடினர். பின்வரிசைப் பாட்டி எந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சில சொற்கள் அவருக்கு விளங்கவில்லை. “என்ன சொன்னே?” என்றார். மீண்டும் சொன்னேன். அப்போதும் விளங்காவிட்டால் வேறு சொல்லால் சொன்னேன். அத்தை தேநீரை ஆற்றியபடி எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடையிலிருந்து வீடு வந்து சேரும்வரை என் கதை முடியவில்லை. விடியும் வேளையில் வாசற்படியில் உட்கார்ந்துதான் முடித்தேன்.

தாத்தா நீண்ட மூச்சு விட்டார். “உன் சின்னத் தாத்தா இதைவிட நன்றாகச் சொல்வான். ஆனால், நீயும் பரவாயில்லை” என்றார்.

அன்று நண்பகலில் தூங்கி எழுந்து நான் கூடத்திற்கு வந்தபோது வீடு வழக்கத்திற்கு மாறாக அமைதியாக இருந்தது. தொலைக்காட்சி மெல்லிய ஒலியில் ஓடிக்கொண்டிருந்தது. தாத்தாவின் காதில் செவித்துணைக் கருவி இருந்தது. அவர் விட்டத்தை அண்ணாந்து பார்த்து முறைத்துக்கொண்டிருந்தார்.

“இந்த மின்விசிறி எத்தனை நாளாக இப்படிக் கீச்சிடுகிறது? யாரும் என்னிடம் சொல்லவே இல்லையே!”

ஐந்து ஆண்டுகளாக அது அப்படித்தான் கீச்சிடுகிறது. “ஒன்றுமில்லை” என்ற சொல் வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தேன்.

“அது ஒரு பெரிய கதை, தாத்தா. சொல்கிறேன், கேளுங்கள்.”

கருத்துணர்தல்

1. தாத்தா முதலில் இசை நிகழ்ச்சிக்கு வர மறுத்ததற்கான உண்மைக் காரணம் யாது?
2. “ஒரு வேடிக்கைப் பேச்சு முழு வீட்டுக்கும் சொந்தம்” என்று மாணவி கூறுவதன் கருத்தை விளக்குக.
3. ஒலி அளவு 94 டெசிபலிலிருந்து 97 டெசிபலாக உயர்ந்தால், பாதுகாப்பாக இருக்கக்கூடிய நேரம் எவ்வளவாகக் குறையும்? பகுதியில் உள்ள விளக்கத்தைக் கொண்டு கணக்கிடுக.
4. ஆலைத் தொழிலாளர்கள் காதடைப்பானை அணியாமைக்குத் தாத்தா கூறும் காரணங்கள் இரண்டனை எழுதுக. அவர்களுள் ஒருவராக நீர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்?
5. “பெயரை மட்டும் சொல். மீதியை நான் கேட்டுக்கொள்வேன்.” செவி மந்தமான தாத்தாவால் இவ்வாறு ‘கேட்க’ முடிந்தது எவ்வாறு?
6. சின்னத் தாத்தாவின் செயலும் மாணவியின் செயலும் எவ்வகையில் ஒத்திருக்கின்றன?

மொழிப்பயிற்சி

‘மடை திறந்த வெள்ளம்போல்’, ‘திருவிழாக் கூட்டத்தில் கைவிட்ட பிள்ளையைத் தேடும் முகம்’ ஆகியவை இப்பகுதியில் எச்சூழல்களில் வந்துள்ளன எனக் கூறுக. இவற்றைப் போன்று, செவி மந்தமான ஒருவரின் உணர்வைக் காட்டும் உவமை ஒன்றைச் சொந்தமாக அமைத்திடுக.

நடவடிக்கை

உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர் இளமையில் விரும்பிக் கேட்ட பாடகர் அல்லது இசைக்குழுவைப் பற்றி உரையாடுங்கள். முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள். விளங்காததை மீண்டும் கூறுங்கள். அவர் கூறியதை 200 சொற்களில் எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டுங்கள்.